கதை இல்லாத ஆறாம் பாகம்

புதிய டிஸ்க் வரும் நாளில் கவுண்டரில் எப்படி நிற்க வேண்டும், கூட்டத்தை எப்படிச் சமாளிக்க வேண்டும், எந்த டப்பாவை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொல்லப்போவதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஊட்டிக் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் பேசும்படி முதலாளி கேட்டார். நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். “எழுது. ஆனா பெருமை அடிக்காம எழுது” என்றார். பெருமை அடிக்கும்படி எதுவும் இதில் இல்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து முதலில் ஒரு கேசட் கடையில் நின்றேன். கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் கேம் வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன், கடைதான் என்னைச் சுற்றி மாறிக்கொண்டிருந்தது. கண் நரம்புக்குத் திரை வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலையை விட்டேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கேம் விற்ற நான் ஒரு கேமைக்கூட முழுதாக ஆடியது கிடையாது. யாராவது பின்னால் நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது. கடையிலோ எப்போதும் யாராவது பின்னால் நிற்பார்கள். அதனால் கவுண்டரில் நான் சொன்னதெல்லாம் கேட்டுச் சொன்னதுதான். ஆடிவிட்டுத் திரும்பி வருபவர் சொல்வதை, அடுத்து வாங்க வருபவரிடம் சொல்வேன். பழைய கேமுக்கு அது போதும். புதிய கேமுக்குப் போதாது. அது எனக்கு ஆறாம் பாகம் வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தத் தொடரின் பெயரைச் சொல்லவில்லை. ராணுவச் சண்டை விளையாட்டு. உங்களில் பாதிப் பேர் ஆடியிருப்பீர்கள். ஒரு கேப்டன், அவருக்குக் கீழே மூன்று சிப்பாய்கள். பாகத்துக்குப் பாகம் அதே நாலு பேர்தான். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் பாலம் இடிந்து கேப்டன் ஆற்றில் விழுவார். பிழைத்தாரா என்று காட்டாமலேயே முடித்துவிட்டார்கள். அப்போதிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆறாம் பாகம் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நம் மலையில் இந்த மாதிரிக் கேமை எதற்கு வாங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கதைக்காகத்தான். கோயம்புத்தூரில் இருக்கிறவனுக்கு நெட் இருக்கிறது, எந்த நாட்டுக்காரனோடும் ஆடுவான். இங்கே எஸ்டேட் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் கேபிள் போய்விடும். எமரால்டு, நடுவட்டம் போன்ற இடங்களில் மழை நாளில் போனில் பேசுவதே பெரிய பாடு. டிஸ்க்கைப் போட்டு, தனியாக உட்கார்ந்து, கதையை ஆடி முடிப்பதுதான் இங்கே வழக்கம். ஆகவே “ஸ்டோரி எப்படிங்ணா?” என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி.

ஆறாம் பாகத்துக்கு முன்பதிவு ஆரம்பித்தபோதும் அதையே கேட்டார்கள். ஐந்தாம் பாகத்துக்குச் சொன்னதையே நானும் சொன்னேன்.

“சூப்பருங்க. போன தடவைய விடப் பெருசு.”

“கேப்டன் வர்றாருங்களா?”

“வராம எங்க போவாருங்க.”

இப்படித்தான் சொன்னேன். கம்பெனி அனுப்பிய போஸ்டர் எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. துப்பாக்கியும் புகையும் பெரிதாக இருந்தன. கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நாலு வரி. அந்த நாலு வரியை எழுத்துக் கூட்டியாவது படித்திருக்கலாம். படிக்கவில்லை.

வெளியீட்டு நாளன்று பார்சல் ஏற்றிய பஸ் பர்லியாரில் நின்றுவிட்டது. மேலே மண் சரிந்து கிடந்தது. முன்பதிவு செய்தவர்கள் காலையிலிருந்தே கடை வாசலில் நின்றார்கள். நான் ஒருவரின் பைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். பாறைகளுக்கு நடுவில் பைக் போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். பழத்தோட்டத்துக்கு எதிரில் நின்றிருந்த பஸ்ஸின் கூரையில் ஏறிப் பெட்டியை இறக்கி, மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திக்கொண்டு, நனைந்தபடியே மேலே வந்தேன். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு யாரும் கை தட்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

சாயந்தரம் அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தது இம்ரான். மார்க்கெட்டில் அவன் அத்தா வைத்திருக்கும் வர்க்கி பிஸ்கட் கடையில் நிற்பவன். அவனுக்குப் பின்னால் பிரதீப், சுற்றுலாக் கார் ஓட்டுகிறவன். டப்பாவைக் கவுண்டரில் வைத்த இம்ரானின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அண்ணா, கேப்டன் எங்கங்ணா?”

“என்னப்பா?”

“வராம எங்க போவாருன்னீங்களே. எங்க போனாருன்னு கேக்கறேன்.”

“இதுல கதையே இல்லண்ணா” என்றான் பிரதீப். “உள்ள போனதும் ஆன்லைன் வான்னு கூப்புடுது. ஒவ்வொரு மேட்சும் எவனோ வர்றான், சுடறான். அவ்வளவுதான். நெட் இல்லன்னா மெனுவ மட்டும் பார்த்துட்டு உக்காந்திருக்கலாம்.”

“மெனுல பாட்டு நல்லாருக்குது” என்றான் இம்ரான். “அதக் கேக்கறதுக்குத்தான் அண்ணன் பர்லியார் வரைக்கும் போய்ட்டு வந்தாரு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். மஞ்சூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் சிரிக்கவில்லை. “எங்கூர்ல நெட் இல்லைன்னு சொல்லித்தானுங்க கேட்டேன், கதை இருக்குதான்னு” என்றார். 

முதலாளி வந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூட்டம் போன பிறகு, சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தபடி, “நீ இதப் படிச்சியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குக் கீழே அத்தனை வருடம் வேலை பார்த்ததில் அன்றைக்குத்தான் அவர் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

இந்த அளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதீர்கள் என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் முன்பதிவு செய்தவர்களில் ஒருவர் அன்றைக்கு வந்திருக்கவில்லை. அவர் பெயர் அவினாசியப்பன். கதை எப்படி என்று கேட்டபோது அவரிடமும் சூப்பர் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நடுவட்டத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைப் பதம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிறகு பாதி வந்தது, பாதி வரவில்லை. அவர் மகள் கலா ஊட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆரம்பத்தில் அவள்தான் என்னிடம் வந்து கேட்டாள்.

“அண்ணா, அப்பா விரல ஆட்டோணும்னு டாக்டர் ஒரு பந்து குடுத்தாருங்க. அதத் தொடவே மாட்டீங்கறாரு. இந்த கேமுல கட்டவெரலு ஆட்டற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

நான் அந்தத் தொடரின் முதல் பாகத்தைக் கொடுத்தேன். அவர் ஆடினார். கடினம் குறைவாக வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொன்றாக ஐந்து பாகமும் முடித்தார். அடுத்த டிஸ்க் வாங்க அவரே மகளோடு சனிக்கிழமை பஸ்ஸில் வர ஆரம்பித்தார். ஒரு நாள் அவர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“டீக்கடைக்குப் போறதில்லைங்ணா. கல்யாணம் காச்சிக்கு வர்றதில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. கைய சால்வைக்குள்ள வெச்சுட்டு ஊட்டுலயே கெடந்தாரு. இப்ப உங்க கடைக்கு மட்டுந்தான் வர்றாரு. இதுவும் நின்னுபோச்சுன்னா அப்பறம் வெளிய வரவே மாட்டாருங்ணா.”

அது என் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஆறாம் பாகம் வந்த வாரத்துச் சனிக்கிழமை அவர் வந்து, “ஏனுங்க தம்பி, ஆறாம் பாகம் வந்திருச்சுங்களா?” என்று கேட்டபோது, கதை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை அடுக்குக்குப் போய்விட்டது. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அடுக்கில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இங்கயே ஆடிக்கலாமுங்களா? ஊட்டுல நெட் இல்லை.”

“தாராளமா ஆடுங்கய்யா.”

நம் கடையில் வந்து ஆடுவதற்கென்று இருக்கும் பெரிய அறையை ஒட்டி, பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருக்கும் சின்ன அறையில் அவரை உட்கார வைத்தேன். ஹெட்செட் மாட்டிவிட்டேன். மேட்ச் தொடங்கியது. எந்த ஊர்க்காரர்களோ, எந்த நாட்டுக்காரர்களோ. அவர் ஆள் கதவைத் தாண்டுவதற்குள் செத்தார். மறுபடி எழுந்தார். செத்தார். அவர் பெருவிரல் குறி பார்க்க நகர்வதற்குள் எதிரில் இருப்பவன் சுட்டு முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ஹெட்செட்டிலிருந்து யாரோ இந்தியில் கத்துவது வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவருடைய அணிக்காரன்தான் திட்டிக்கொண்டிருந்தான். நான் அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். உதட்டை இறுக்கி வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவமானத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். தோற்றுக்கொண்டே இருந்தார். கதை இருக்கிறது என்று நான் சொன்ன பொய்யால்தான் இந்த மனிதர் வாராவாரம் வந்து உதை வாங்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் வெறுத்துப்போய் எழுந்து போய்விடுவார். கலா சொன்னது நடந்துவிடும். அதை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என் பொய்யைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதனால் இம்ரானையும் பிரதீப்பையும் கூப்பிட்டேன். அந்தக் கேமில் தனி அறை போட்டுக்கொள்ளலாம். நாம் சொல்லும் ஆட்கள் மட்டும் அதற்குள் வருவார்கள். வெளியாட்கள் வர முடியாது.

“சனிக்கிழம நீங்க ரெண்டு பேரும் பெரிய ரூமுல உக்காந்து அவர் கூட ஆடுங்க” என்றேன். “ஆனா ஜெயிக்கக் கூடாது.”

“தோக்கறதுக்குக் கூப்புடறீங்களா?” என்றான் இம்ரான். “இவன் சும்மா ஆடுனாலே தோப்பானே. எதுக்குத் தனியாச் சொல்றீங்க?”

“வாய மூட்றா வர்க்கி” என்றான் பிரதீப். பிறகு என்னைப் பார்த்து, “அது நல்லாருக்குமாண்ணா? பெரியவர் பார்த்தா என்ன நெனப்பாரு?”

“அவருக்கு எப்படித் தெரியும்? நடுவுல பலகை இருக்குதுல்ல.”

பிரதீப் தயங்கினான். அவன் தயங்கியபோதாவது நான் நின்றிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்ததும், “இன்னிக்கு நம்ம கடைப் பசங்களோட ஆடுங்கய்யா, வெளியூர்க்காரனுக சரியில்லை” என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். சரி என்றார்.

முதல் மேட்ச்சில் அவர் ஜெயித்தார். இரண்டாவதிலும் ஜெயித்தார். பெரிய அறையில் பையன்கள் சுவரைப் பார்த்துச் சுட்டார்கள், வெட்டவெளியில் வந்து நின்றார்கள். நான் தடுப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் செய்தது சரி என்று அந்த நிமிடம் முழுமையாக நம்பினேன். பர்லியாரிலிருந்து வந்தபோது கை தட்டினார்களே, அன்றைக்கு இருந்தது போன்ற ஒரு நிம்மதி.

மூன்றாவது மேட்ச்சில் இம்ரானுக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டக்காரன் எவ்வளவு நேரம்தான் சுவரைச் சுடுவான்? பழக்க தோஷத்தில் திரும்பி, அவரைச் சுட்டு வீழ்த்தினான். உடனே மறுபடியும் சுட்டான். “அட்றா சக்க” என்று சிரித்தான்.

எனக்குப் பதறிவிட்டது. பெரிய அறைக்கு ஓடினேன். அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலை அடக்கிக்கொண்டு சொன்னேன்:

“விட்டுக் குடு சாமி. பாவம், அவருக்குக் கை வராது.”

இம்ரான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறிப்போயிருந்தது. விரலால் தன் வாய்க்கு முன்னால் வளைந்திருந்த மைக்கைத் தொட்டுக் காட்டினான். அது திறந்திருந்தது.

நான் குனிந்து சொன்னது அவன் காதுக்கு மட்டும் அல்ல. அந்த மைக்குக்குள்ளேதான் சொல்லியிருக்கிறேன். பலகைக்கு அந்தப்பக்கம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் இரண்டு காதுக்குள்ளும் அது போயிருக்கும்.

விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவருடைய ஆள் ஒரு சுவர் ஓரமாகச் சும்மா நின்றது. பிறகு மெதுவாக நடந்து வெட்டவெளிக்கு வந்தது. பிரதீப் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான். மேட்ச் நேரம் முடியும்வரை மூன்று பேருமே சுடவில்லை.

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வலது கை சால்வைக்குள் இருந்தது.

“கலா வர நேரமாச்சுங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்” என்றார்.

கலா வர நிறைய நேரம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. கலாதான் வேலைக்குப் போகும் வழியில் ஏறி வந்தாள். “ஏனுங்ணா, கடைல ஏதாச்சும் ஆச்சுங்களா? கேட்டா, சலிச்சுப்போச்சுங்கறாரு. மறுபடி சால்வையப் போத்திட்டு உக்காந்துட்டாரு.” ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பொய்யையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவட்டத்துக்குப் போனேன். கூடலூர் பஸ். பைக்காராவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் நிற்கும் கடைகளுக்குப் பின்னால், நாலு படி இறங்கினால் அவர் வீடு. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவில்லை.

“வாங்க தம்பி. நனஞ்சு வந்திருக்கீங்க. உக்காருங்க.”

கலா டீ போடப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே ஆரம்பித்தேன்.

“ஐயா, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க. அந்த கேமுல கதை இருக்குதுன்னு…”

“இல்லைன்னு தெரியுமுங்க.”

நான் நிறுத்திவிட்டேன்.

“டப்பாக்குப் பின்னால தெளிவாப் போட்டிருந்துச்சே. உங்க முன்னாலதான படிச்சேன். நீங்க தூசி தொடச்சிட்டு இருந்தீங்க.”

“தெரிஞ்சும் ஏனுங்க வாங்குனீங்க?”

“அதுக்குத்தான் வாங்குனேன்.” அவர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். “கதைல வர்ற எதிரி இருக்கானே, ஈசில போட்டா அவன் என்ன பண்ணுவான் தெரியுங்களா? என்னையப் பார்த்துட்டு நிப்பான். சுட மாட்டான். நான் சுடட்டும்னு காத்துட்டு இருப்பான். அஞ்சு பாகமும் அப்புடித்தான் ஜெயிச்சேன். இந்த ஊர்ல டீக்கடைக்குப் போனாலும் அதேதானுங்க. எனக்கு மட்டும் டம்ளருல பாதி ஊத்திக் குடுக்கறான். கல்யாண வீட்டுல எனக்கு மட்டும் எலைக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன். நான் திங்கறத எல்லாரும் பார்க்காத மாதிரியே பார்ப்பாங்க.”

மழை தகரக் கூரையில் பலமாக விழுந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. நான் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

“உங்க கடைல மொத நாளு எவனோ ஒருத்தன் வந்தான். பார்த்தான், சுட்டான், போயிட்டே இருந்தான். நின்னு பாவம் பார்க்கலை. நம்ம டீம்காரன் ஒருத்தன் இந்தில, கண்ணு தெரியலையாடான்னு திட்டுனான். எங்க பழைய மேனேஜர் திட்டற அதே இந்தி.” சிரித்தார். “கண்ணத்தான் திட்டுனான். கையப் பத்திப் பேசலை. அவனுக்குத் தெரியாதே. எத்தன நாளாச்சுங்க, ஒருத்தன் என்னையத் திட்டி.”

நான் அவமானம் என்று படித்த முகம் அதுதான். அத்தனை வருடம் கவுண்டரில் நின்று முகம் பார்த்தே விற்றவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் இருந்தது.

“கடைசி வாரம், அதாவது நீங்க அந்தப் பசங்கள உக்கார வெக்கறதுக்கு முந்தின வாரம், நான் ஒருத்தனச் சுட்டேன். பார்த்தீங்களா?”

“பார்க்கலீங்கய்யா.”

“மாடிப்படி ஓரமா வந்தான். நான் வெரல வெச்சுட்டுக் காத்துட்டு இருந்தேன். விழுந்தான். அன்னிக்கு நடுவட்டம் வர்ற வரைக்கும் கலாகிட்டக்கூடச் சொல்லாம உள்ளயே வெச்சுட்டு வந்தேன்.”

அவர் சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து முழங்கால் மேல் வைத்தார். பெருவிரலை ஒரு முறை மடக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அது நெசந்தானுங்களா தம்பி? இல்ல, அதுக்கும் ஆள் வெச்சிருந்தீங்களா?”

“ஐயோ, இல்லீங்கய்யா. அது வெளியாளு. சத்தியமா நெசமுங்க. அன்னிக்கு நான் யாரையுமே வெக்கலை.”

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. டீயைச் சோதிப்பவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு யோசிப்பாரே, அப்படி.

“கதை இருக்குதுன்னும் இப்புடித்தான சொன்னீங்க” என்றார்.

கலா டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் குடித்தோம். மழையைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசினோம். அடுத்த வாரம் வாங்கய்யா, அந்தப் பசங்க இருக்க மாட்டாங்க, வெளியாட்களோடு மட்டும் ஆடலாம் என்று கிளம்பும்போது சொன்னேன். “பார்க்கலாமுங்க” என்றார். நம் பக்கம் பார்க்கலாமுங்க என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேம் வெகு நாள் ஓடவில்லை. எல்லா ஊரிலும் கதை இல்லை என்று கைவிட்டார்கள். மேட்ச் போட்டால் ஆள் சேரவே நேரமானது. பிறகு கம்பெனியே சர்வரை நிறுத்திவிட்டது. அவர் மறுபடி வர நினைத்திருந்தாலும் வருவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. ஏழாம் பாகத்தில் கதை திரும்ப வந்தது. கேப்டன் பிழைத்திருந்தார். அவினாசியப்பன் அதை வாங்க வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு தடவை பொய் சொன்னவன் பிறகு சொல்லும் உண்மைக்கும் விலை கிடையாது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார். நம் கடைகளில் தோற்றுக்கொண்டே இருக்கிற ஆட்கள் வருவார்கள். வயதானவர்கள், கை மெதுவானவர்கள், முதல் முறை ஆடுகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் போய், “இன்னொரு மேட்ச் போடட்டுங்களா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நில்லுங்கள்.

கலாவை இப்போதும் மார்க்கெட் பக்கம் பார்க்கிறேன். அவள் அப்பா அவளிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. “நல்லா இருக்கீங்களாண்ணா? கண்ணு எப்படி இருக்குது?” என்று நின்று விசாரிக்கிறாள். பரவாயில்லை என்று சொல்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார், வெளியே வருகிறாரா என்று நான் அவளிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் போன பிறகுதான் பேச்சு வருகிறது.